மிச்சம் பிடித்த மண்ணெண்ணெய்

என் கணவர் தீக்குச்சியை பிளேடால் இரண்டாகப் பிளப்பார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அதுதான் அவருக்கு முதல் வேலை. சன்னலோரம் சம்மணமிட்டு உட்கார்ந்து, பெட்டியிலிருக்கும் குச்சிகளைக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து, மருந்து உதிராமல் நடுவில் பிளந்து, மறுபடி பெட்டியில் அடுக்குவார். அப்படிப் பிளந்த குச்சி உரசும்போதே ஒடியும், இல்லாவிட்டால் விரலைச் சுடும். ஒரு குச்சியில் பற்ற வேண்டிய அடுப்புக்கு எனக்கு நாலு பாதிக் குச்சி ஆகும். நாலு பாதி என்றால் இரண்டு முழுக் குச்சி ஆச்சே என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன்.

"உனக்குப் பத்த வெக்கத் தெரியல" என்றார்.

அவர், அவர் என்று எழுதுகிறேன். பழக்கம் அது. மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அறுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது. நான் பிறந்தது கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர். கேழ்வரகும் கடலையும் விளைகிற நாலு ஏக்கர் மேட்டுக்காடு எங்களுக்கு. பணக்காரர்கள் இல்லை. ஆனால் பசிக்கிறது என்று சொன்னால் தட்டு வைக்கிற வீடு. மாப்பிள்ளை அரூரில் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா, குடி கிடையாது, பீடி கிடையாது, சீட்டு கிடையாது என்றார்கள். அண்ணன் சந்தோஷமாகக் கட்டிக் கொடுத்தான். சொன்னதெல்லாம் உண்மைதான். குடியும் பீடியும் சீட்டும் இல்லை.

அரூரில் நாங்கள் குடியிருந்தது ஒரு பெரிய வீட்டின் பின்கட்டு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் கொஞ்சம் வெறும் இடம். வீட்டுக்காரர்கள் கரண்ட் இழுத்திருந்தார்கள். எங்கள் அறையின் நடுவிலும் ஒரு ஒயர் தொங்கியது, அதன் நுனியில் பல்ப் மாட்டுகிற குமிழ். பல்ப் மட்டும் இல்லை. மாட்டினால் வாடகையோடு சேர்த்து மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னாராம். "பொழுது எறங்கனா தூங்கப் போறோம், வெளிச்சம் எதுக்கு?" என்று என் கணவர் வேண்டாம் என்றுவிட்டார். ஆக, முன்கட்டில் வெளிச்சம், பின்கட்டில் இருட்டு. ஒரே கூரை.

எங்களுக்கு இருந்தது ஒரு சிம்னி விளக்கு. அதற்கு ஊற்ற மண்ணெண்ணெய். எங்கள் பக்கம் அதைக் கிருஷ்ணாயில் என்பார்கள். ரேஷன் கார்டுக்குக் கிடைக்கும் எண்ணெயை அவரே போய் வரிசையில் நின்று வாங்கி வருவார். தகர டின்னோடு மரப்பெட்டியில் வைத்துப் பூட்டுவார். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் பெட்டியைத் திறந்து, கோடு கிழித்த ஒரு பழைய மருந்து பாட்டிலில் அளந்து, விளக்கில் ஊற்றிவிட்டு மறுபடி பூட்டிவிடுவார். அந்த எண்ணெய் தீருகிறவரைதான் வெளிச்சம். அதற்குள் சமைத்து, பிள்ளைகளுக்கு ஊட்டி, பாத்திரம் கழுவ வேண்டும். விளக்கைச் சமையல்கட்டுக்கு எடுத்துப் போனால் அறையில் இருட்டு. அறைக்குக் கொண்டு வந்தால் அடுப்படியில் இருட்டு. பெரும்பாலும் அது அடுப்படியில்தான் இருக்கும். பிள்ளைகள் இரண்டும் அறையில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார்கள். மூத்தவள் பெண், இளையவன் பையன். இரண்டு பேருக்கும் இரண்டு வயது வித்தியாசம். பிறந்ததிலிருந்து அப்படி நடந்து பழகியவர்கள். அதில் வித்தியாசமாக எதுவும் எனக்குத் தெரியவில்லை. இந்த வாக்கியத்தை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன்.

விறகு வாங்க மாட்டார். "சுத்திலும் காடு கெடக்குது, காசு குடுத்தா வெறகு வாங்குவாங்க?" என்பார். காடு அவர் சொல்கிற மாதிரி சுற்றிலும் கிடக்கவில்லை. சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரியவளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஊருக்கு வெளியே நடந்து போய்த் துவரைக்குச்சி, ஆமணக்கந்தட்டை, காய்ந்த முள் என்று பொறுக்கி வருவேன். மழைக்காலத்தில் அவை எரியாது, புகையும். ஊதி ஊதி எனக்குக் கண் எப்போதும் சிவந்திருக்கும். நான் அழுதுவிட்டு வந்திருக்கிறேன் என்று முன்கட்டில் நினைத்துக்கொள்வார்கள்.

சந்தைக்கும் அவர்தான் போவார். ஆரம்பத்தில் போக மாட்டார், சந்தை கலைகிற நேரத்துக்குப் போவார். மூட்டை கட்டுகிறவர்கள் ஒதுக்கிப் போட்ட கத்தரிக்காய், முற்றிய வெண்டை, ஒரு பக்கம் அழுகிய தக்காளி. அழுகிய பக்கத்தை நான் அரிந்து போட்டால் எவ்வளவு அரிந்தேன் என்று முறத்தை எட்டிப் பார்ப்பார். மற்றபடி கேழ்வரகுக் களி, மரவள்ளிக் கிழங்கு, கொள்ளு ரசம். தாளிக்க எண்ணெய் கிடையாது. பால், முட்டை என்ற பேச்சே இல்லை. கீரைக்காரி தெருவில் கூவிக்கொண்டு போவாள். வாங்க என் கையில் ஒரு காசு இருக்காது. அவர் என் கையில் காசு கொடுத்ததே இல்லை. மழை பெய்தால் வேலியோரம் முளைக்கிற பண்ணைக் கீரையைப் பறித்து வருவேன். நான் சொல்கிற அந்த வருஷங்களில் மழையும் சரியாக இல்லை.

இதற்கெல்லாம் ஊரில் அவருக்கு நல்ல பேர். கோயிலில் பெண்கள் என்னிடம் வந்து, "குடுத்து வெச்சவ நீ. எங்க வூட்டுலயும் இருக்குதே ஒண்ணு, சம்பளத்தன்னிக்குச் சாயங்காலம் வூட்டுக்கு வழி தெரியாது" என்பார்கள். நான் சிரிப்பேன். என்ன சொல்வது? என் கணவர் தீக்குச்சி பிளக்கிறார் என்றா? அவர் எதற்காக மிச்சம் பிடிக்கிறார் என்று எனக்கே ஒரு நம்பிக்கை இருந்தது. சொந்தமாக ஒரு வீடு கட்ட நினைக்கிறார், பிள்ளைகளைப் படிக்க வைக்க நினைக்கிறார், இன்றைக்கு வயிற்றைக் கட்டினால் நாளைக்கு நிமிரலாம் என்று. அதனால் நானும் கட்டினேன். மதியத்துக்கு அவருக்குத் தூக்குச் சட்டியில் களி கட்டிக் கொடுப்பேன். ஆபீசில் உழைக்கிற மனுஷன் என்று பெரிய உருண்டை அவருக்கு. மிஞ்சியதைப் பிள்ளைகளுக்குப் பிரிப்பேன். சட்டியைச் சுரண்டினால் வருவது எனக்கு. தூக்குச் சட்டி சாயங்காலம் காலியாகத் திரும்பி வரும். அதைக் கழுவும்போது எனக்கு ஒரு திருப்தி கூட இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. பெரியவளுக்கு ஐந்து வயது. அம்மை வார்த்தது. இறங்கிய பிறகு எலும்பும் தோலுமாக எழுந்தாள். அந்தச் சமயம் எங்கள் ஊர்க் கோயில் திருவிழா வந்தது. அண்ணன் வந்து எங்களை அழைத்துப் போனான். என் கணவருக்கு அதில் சந்தோஷம். நாலு நாளைக்கு மூன்று வயிறு குறையும்.

அண்ணன் வீட்டில் விருந்தாளிகள் கூட்டம். பொழுது சாய்ந்ததும் வாசலில் பெட்ரோமாக்ஸ் விளக்கு ஏற்றினார்கள். பிள்ளைகள் எல்லாம் அந்த வெளிச்சத்தில் கத்திக்கொண்டு ஓடிப் பிடித்து விளையாடினார்கள். நான் கூடத்தில் மற்ற பெண்களோடு கச்சாயப் பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அண்ணி வாசலிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, இங்க வா. உம்புள்ளயப் பாரு."

போய்ப் பார்த்தேன். வெளிச்சம் தாராளமாக இருந்த வாசலில், சுவரோரமாக, என் மகள் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நடந்து வந்தாள். வழியில் ஒரு முக்காலி கிடந்தது. அதன் மேல் போய் முட்டி விழுந்தாள். அழவில்லை. எழுந்து, மறுபடி கையை நீட்டிக்கொண்டு நடந்தாள்.

"எங்க வூட்டுல இருட்டு அண்ணி. அப்பிடியே பழகிட்டா" என்றேன்.

"இது இருட்டா?" என்றாள் அண்ணி. கையிலிருந்த கச்சாயத்தைக் குழந்தையின் முகத்துக்கு நேராக, ஒரு முழம் தள்ளி நீட்டினாள். "கண்ணு, இந்தா, இத வாங்கிக்க."

குழந்தை சத்தம் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தாள். கை கச்சாயத்தை விட்டு வேறு பக்கம் போனது. காற்றில் தடவியது. அண்ணி கச்சாயத்தை அவள் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டு, அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மாலக்கண்ணும்மா இது. எத்தன நாளா இருக்குது?"

எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் பொழுது இறங்கினால் கண் தெரிகிறவர்களும் தெரியாதவர்களும் ஒரே மாதிரிதான் நடந்தோம். விளக்கு எரிந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பேன்.

திருவிழா முடியும்வரை நான் காத்திருக்கவில்லை. மறுநாள் முதல் பஸ்சில் அரூருக்கு வந்து, பிள்ளைகளோடு நேராக அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு பெண் டாக்டர் இருந்தார். குழந்தையின் கண் இமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"பால் குடுக்கறீங்களா?"

"இல்லீங்க."

"முட்டை?"

"இல்லீங்க."

"கீரை, பப்பாளி, எண்ணெய் விட்டுத் தாளிச்ச குழம்பு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் என் சேலையைப் பார்த்தார். கூலி வேலைக்குப் போகிறவள் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. குரலைத் தணித்து, "வூட்டுக்காரரு என்ன வேலை பாக்கறாரு?" என்றார். சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"கவர்மென்ட் சம்பளமா? ஏம்மா, இன்னும் கொஞ்ச நாள் உட்டிருந்தா கருவிழியே போயிருக்கும். அப்பறம் எந்த மருந்தும் கேக்காது. தெரியுமா உனக்கு?"

மீனெண்ணெய் மருந்தும் மாத்திரையும் கொடுத்தார். தினமும் பால், வாரத்துக்கு நாலு முட்டை, கீரை கட்டாயம் என்றார். அவ்வளவு பேர் நிற்கிற இடத்தில் எனக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானம் யாருடையதோ, ஆனால் அங்கே நின்றது நான்.

அன்று சாயங்காலம் அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். தினம் ஒரு உழக்குப் பால் மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"மீனெண்ண சும்மாதான குடுத்தாங்க?"

"ஆமா."

"அப்பறம் பாலு எதுக்கு? ஒரு வியாதிக்கு ரெண்டு செலவா?"

"புள்ளைக்குக் கண்ணு போயிரும்னு சொன்னாங்க. கேட்டீங்களா இல்லயா?"

"டாக்டருங்க அப்பிடித்தான் பயமுறுத்துவாங்க. நான் என்ன பாலு குடிச்சா வளந்தேன்?" பெட்டியைத் திறந்து மருந்து பாட்டிலில் மண்ணெண்ணெயை அளந்தார். கோட்டுக்கு ஒரு துளி மேலே போனது. டின்னில் திரும்ப ஊற்றினார். அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையைக் கடிக்க வேண்டும் போலிருந்தது.

முன்கட்டுக்கு ஒரு பால்காரம்மா பால் ஊற்றுவார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களோடு நல்ல தமிழில் பேசுவார். அக்கா என்று கூப்பிடுவேன். மறுநாள் காலையில் அவரை நிறுத்தி, "அக்கா, உங்க வூட்டுக்கு வந்து வரட்டி தட்டித் தர்றேன், தொழுவம் கூட்டறேன். கூலி வேணாம். தெனம் ஒரு உழக்குப் பாலு ஊத்துங்க, புள்ளைக்குக் கண்ணு செரியில்ல" என்று கேட்டேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ஆபீசர் பொண்டாட்டி சாணி தட்டறதா? உங்க வூட்டுக்காரரு கிட்டச் சொன்னா ஒரு உழக்கு என்ன, ஒரு படி ஊத்தச் சொல்ல மாட்டாரா?"

"அவருக்குக் கட்டாதுங்கறாரு."

"கட்டாதா?" என்றார். சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு பால் குடத்தைக் கீழே இறக்கினார். "பஸ் ஸ்டாண்டு எதுத்தாப்புல ஓட்டலு இருக்குதில்ல, அங்கயும் நாந்தான் பால் ஊத்தறேன். உங்க வூட்டுக்காரரு தெனமும் ரெண்டு வேளை அங்கதான். பத்து மணிக்கு ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா. நெய் ஊத்துன ரவா தோச. சாப்புட்டுக் கள்ளிச்சொட்டாட்டம் கெட்டியாக் காப்பி. எம் பாலுதான்."

எனக்கு முதலில் புரியவில்லை. "அவருக்கு நான் களி கட்டிக் குடுக்கறனே" என்றேன்.

"அதத்தான் சொல்ல வந்தேன். ஓட்டலுக்குப் பின்னால எம் மாட்டுக்குக் கழனித் தொட்டி வெச்சிருக்கேன். வர்றப்பவே அதுல தூக்குச் சட்டியக் கவுத்துட்டுத்தான் உள்ள போவாரு. நீ சாப்பாடு கட்டிக் குடுக்கறது தெரியாம, பழசு போலன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். எம் மாடு நல்லாத் திங்கும்."

பால்காரம்மா எனக்காக வருத்தப்பட்டு என்னவோ பேசிக்கொண்டே இருந்தார். எதுவும் காதில் விழவில்லை. என் பிள்ளைகளின் தட்டிலிருந்து குறைத்து அவருக்கு உருட்டிய களி. ஆறு வருஷம். தினமும் அந்தச் சட்டியைக் கழுவும்போது எனக்கு வந்த திருப்தியை நினைத்தேன். பால்காரம்மா போகும்போது என் சொம்பை வாங்கி நிறையப் பால் ஊற்றிவிட்டுப் போனார். வரட்டி தட்ட வர வேண்டாம் என்றார்.

அந்தப் பாலைக் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். குளிக்க வைத்தேன். பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாளுக்கு அண்ணன் எடுத்துக் கொடுத்த துணியை இரண்டு பேருக்கும் போட்டுவிட்டேன். நானும் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டேன். மத்தியானம் கிளம்பினேன்.

அந்தக் காலத்தில் அரூரில் ஒரு பெண் ஓட்டலுக்குள் நுழைவது சாதாரணக் காரியம் இல்லை. ஊரிலிருந்து பஸ்சில் வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் போவார்கள். அதுவும் ஆண் துணையோடு, உள்ளே துணி மறைத்த தனி இடத்துக்கு. நான் பிள்ளைகளோடு படியேறியதும் கல்லாவில் இருந்தவர் எழுந்துவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். ஒரே ஒரு முதுகு மட்டும் திரும்பவில்லை. நான் துவைத்துக் காலையில் எடுத்துக் கொடுத்த சட்டை. குனிந்து சாப்பிடுவதில் மும்முரம்.

பரிமாறுகிறவர் ஓடி வந்தார். "அம்மா, பொம்பளைங்களுக்கு உள்ள தனி எடம் இருக்குதுங்க."

"இருக்கட்டுங்க. எங்க வூட்டுக்காரரு இங்கதான உக்காந்திருக்காரு" என்று சொல்லி, அவருக்கு எதிர் பெஞ்சில் பிள்ளைகளை உட்கார வைத்து நானும் உட்கார்ந்தேன்.

அவர் நிமிர்ந்தார். வாயில் தோசை. மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. அவருடைய இலையில் நெய் ஓரமாக வழிந்து நின்றது. அந்த மாதிரி நெய்யை என் பிள்ளைகள் பார்த்ததில்லை.

சின்னவன் சுற்றிலும் பார்த்தான். பெஞ்சுகள், மேசைகள், சுவரில் கடிகாரம், சட்டை போட்ட ஆட்கள். "அம்மா, இதுதான் அப்பா ஆபீசா?" என்று சத்தமாகக் கேட்டான்.

யாரோ சிரித்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "வூட்டுக்குப் போ" என்றார்.

"சாப்புட்டுட்டுப் போறோம்" என்றேன். பரிமாறுகிறவரிடம் திரும்பினேன். "அவரு சாப்படறதே எங்களுக்கும் மூணு குடுங்க. நெய் ஊத்தி. புள்ளைங்களுக்கு ரெண்டு டம்ளர் பாலு. காசு அவரு குடுப்பாரு."

பரிமாறுகிறவர் நல்ல மனுஷன். எங்களை உபசரிக்கிறதாக நினைத்துத்தான் சொன்னார். "சாருக்கு இங்க காசே கெடையாதுங்கம்மா. கிருஷ்ணாயிலு கெடைக்காம நாங்க தடுமாறிக்கிட்டிருக்கோம், சாருதான் வாரா வாரம் பாட்டில்ல கொண்டாந்து குடுக்கறாரு. மொதலாளி சொல்லியிருக்காரு, சாரு வந்தா என்ன கேட்டாலும் வெய்யின்னு."

பூட்டிய பெட்டி. கோடு போட்ட பாட்டில். துளி துளியாகத் திரும்ப ஊற்றிய டின். ஆபீசுக்குப் போகும்போது அவர் பை கனமாக இருக்கும். காகிதக் கட்டு என்று நினைத்திருந்தேன்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். உரக்கப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். அன்றைக்கு என் குரல் அடுப்படிவரை கேட்டிருக்கும்.

"அந்தக் கிருஷ்ணாயிலு எங்க வூட்டு ரேசன் கிருஷ்ணாயிலுங்க. எம்புள்ளைங்களுக்கு வெளக்கெரிக்கக் குடுத்தது. வூட்டுல இருட்டுல உக்கார வெச்சிட்டு அத இங்க கொண்டாந்து குடுத்திருக்காரு. இந்தப் புள்ளைக்கு மாலக்கண்ணு வந்து, அந்த இருட்டுல அதுகூடத் தெரியல எனக்கு. அப்ப இங்க நாங்க சாப்படறது எங்க சொத்துங்க. தாராளமாப் போடுங்க."

அவருடைய ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர் மூலையில் இருந்தார்கள். அவர் எழுந்து, கைகூடக் கழுவாமல் வெளியே போனார்.

தோசை வந்தது. பிள்ளைகள் சாப்பிட்டார்கள். பெரியவள் நெய்யை விரலால் தொட்டுத் தொட்டு நக்கினாள். நானும் சாப்பிட்டேன். மிளகும் கறிவேப்பிலையும் முந்திரியும் போட்டு ஓரமெல்லாம் மொறுமொறுவென்று இருந்தது. அவ்வளவு ருசியாக அது இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு நான் அழுதது அந்தத் தோசையின் முதல் வாய்க்குத்தான்.

அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. பயந்து போயிருந்தார். ரேஷன் எண்ணெயைக் கடைக்குக் கொடுத்தது மேலதிகாரிக்குத் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து; பார்த்தவர்கள் ஆபீஸ் ஆட்கள். சாயங்காலம் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். "வெளிய போறவன் நாலு பேரு மத்தியில களியத் தொறந்து வெச்சித் திங்க முடியுமா? ஆம்பளைக்கு ஒரு தெம்பு வேணாமா?" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை. அதற்குப் பிறகு பேசுவதை நிறுத்திவிட்டார்.

பேசாமல் இருந்தவர் போய்ப் பங்குச் சாமியாரிடம் பேசியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு சாமியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். என் கணவரும் அங்கே கைகட்டி நின்றிருந்தார், முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு.

"குடும்ப விசயத்தக் கடத்தெருவுக்குக் கொண்டு போகலாமா அம்மா?" என்று கேட்டார் சாமியார்.

"நான் கொண்டு போவலீங்க சாமி. அது கடத்தெருவுலதான் இருந்துச்சு. நான் போயிப் பாத்தேன், அவ்வளவுதான்."

"இருந்தாலும் பொறுமைன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

குழந்தையைச் சாமியார் முன்னால் நிறுத்தினேன். "ஆறு வருசம் பொறுத்தேன் சாமி. டாக்டரு சொன்னாங்க, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தா இவளுக்குக் கண்ணு போயிருக்குமாம்."

சாமியார் குழந்தையைப் பார்த்தார். என் கணவரை மட்டும் இருக்கச் சொல்லிவிட்டு எங்களைப் போகச் சொன்னார். உள்ளே என்ன பேசினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த முதல் தேதி அவர் சம்பளத்தில் பாதியை அடுப்பு மேடையில் வைத்தார். பெட்டிச் சாவியையும் வைத்தார். நான் பெட்டியைத் திறந்துவிட்டு, சாவியைப் பின்னால் கொண்டுபோய்க் கிணற்றுக்குள் போட்டேன். பெட்டி அதற்குப் பிறகு திறந்தே கிடந்தது.

முதலில் பல்ப் வாங்கி மாட்டினேன். மீனெண்ணெயும் பாலும் முட்டையும் உள்ளே போகப் போக, சில வாரங்களில் பெரியவளின் கண் தெளிந்தது. ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் என் மூக்குத்தியைத் தொட்டு, "அம்மா, இதுல ஒரு கல்லு இல்ல" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நானும் சிக்கனம் பிடித்தேன். சொல்லத்தான் வேண்டும். மரம் அறுக்கிற பட்டறையில் மரத்தூளைச் சும்மா அள்ளிக்கொள்ள விட்டார்கள். அடியில் ஓட்டை வைத்த தகர டப்பாவின் நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இறுக்கி அடைத்து, பாட்டிலை உருவி எடுத்தால் அடுப்பு. மத்தியானம்வரை ஊதாமல் எரியும். அறுவடையில் அண்ணனிடம் வருஷத்துக்கு வேண்டிய கேழ்வரகை எடுத்துக்கொண்டேன். கடலையை உரித்துச் செக்கில் கொடுத்து எண்ணெயாக வாங்கினேன். பின்னால் வெறும் இடத்தில் பப்பாளியும் முருங்கையும் வைத்தேன். நாலு கோழி விட்டேன். சந்தைக்கு ஆரம்பத்திலேயே போய் நல்ல காயாகப் பேரம் பேசி வாங்கினேன். அவர் கொடுத்த பாதிச் சம்பளத்தில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டோம். அப்படியானால் முதலிலேயே முடிந்திருக்கும். அது தெரிந்த பிறகு என் கோபம் தணியவில்லை, அதிகமானது. குழந்தைக்குத்தான் குணமாகிவிட்டதே, இன்னும் எதற்குக் கோபம் என்று அண்ணிகூடக் கேட்டிருக்கிறாள். குணமானது குழந்தைக்கு.

சில வருஷம் போயிற்று. பெரியவள் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் சிறுசேமிப்பைப் பற்றிக் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். அவளுக்கு முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் தட்டு. வீட்டுக்கு வந்து கட்டுரையை எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். "எங்கள் அப்பா மிகவும் சிக்கனமானவர். அவர் ஒரு தீக்குச்சியைக்கூட இரண்டாகப் பிளந்து பயன்படுத்துவார். அவரிடமிருந்து நாங்கள் சேமிப்பைக் கற்றுக்கொண்டோம்." அவர் நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்திருந்தது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அவளுக்கு இருட்டும் ஞாபகமில்லை, முக்காலியில் முட்டியதும் ஞாபகமில்லை.

நான் பின்பக்கம் போனேன். மறுநாள் விடுமுறை. புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது அவளையும் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பத்து வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். அந்தக் கட்டுரை அவள் மனதில் அப்படியே தங்கிவிடக் கூடாது என்று எனக்கு இருந்தது.

கையிலிருந்த புளியைக் கீழே வைத்துவிட்டுக் கடைசியில் கேட்டாள்.

"அப்ப ஏம்மா அப்பாவுக்கு இன்னும் சோறு போடற?"

"இப்ப எல்லாரும் ஒரே சட்டியில இருந்துதான சாப்படறோம்" என்றேன்.

"அதுக்கில்ல" என்றாள். என் முகத்தையே பார்த்தாள். எங்கே போயிருப்பேன், இரண்டு பிள்ளைகளோடு, கையில் ஒரு காசு இல்லாமல் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை. ஆனால் அதை அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு வருஷம் அவர் மேல் இருந்த கோபம் அந்த ஒரு நிமிஷம் என் மேல் திரும்பியது.

"படி. நல்லாப் படிச்சி வேலைக்குப் போ. உங் கையில உங் காசு இருக்கணும்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் எழுந்து உள்ளே போய், பரிசுத் தட்டை எடுத்து வந்து, நாங்கள் எடுத்த புளியங்கொட்டைகளை அதில் அள்ளிப் போட்டுக்கொண்டு பின்பக்கம் கொட்டப் போனாள்.